வைஃபை ஃபுல், பிரவுசர் காலி: பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு லேப்டாப் கேஸ்

புகார் கேட்க எளிமையாகத்தான் இருந்தது. லேப்டாப்பில் வைஃபை கோடு முழுசாக இருக்கிறது, "கனெக்டெட், செக்யூர்டு" என்று காட்டுகிறது, ஆனால் குரோமைத் திறந்தாலும் எட்ஜைத் திறந்தாலும் வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது, கடைசியில் "டைம்ட் அவுட்" என்று கைவிரித்துவிடுகிறது. அதே வைஃபையில் வீட்டிலிருக்கும் போன்களில் யூடியூப் தடங்கல் இல்லாமல் ஓடுகிறது.

லேப்டாப்புக்குச் சொந்தக்காரர் பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கும் ஓர் அக்கா. எம்.சி. ரோட்டில் சில துணிக்கடைகளுக்குக் கணக்கு எழுதி, மாதாமாதம் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பது அவர் தொழில். அதில் 3பி என்ற மாத ரிட்டர்னுக்குக் கடைசி நாள் 20ஆம் தேதி. தாண்டினால் ஒரு நாளைக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், வரி பாக்கி இருந்தால் அதன்மேல் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. அதுவும் ஒரு கடைக்கு மட்டும் இல்லை, அவர் கையில் இருக்கும் ஒவ்வொரு கடைக்கும் தனித்தனியாக. அதனால் "நெட் வரலை" என்பது அந்த வீட்டில் பொழுதுபோக்குப் பிரச்சினை கிடையாது.

"இன்னா தம்பி இது, பொடிசுங்க போன்ல எல்லாம் ஓடுது, இதுல மட்டும் சுத்திக்கினே கெடக்குது" என்றுதான் அக்கா ஆரம்பித்தார்.

நான் போவதற்கு முன்பே என்னென்ன நடந்திருந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்தக் கேஸ் குழம்பியதே அதனால்தான். ரவுட்டரை அணைத்துப் போட்டாயிற்று. வைஃபையை மறக்கச் சொல்லிவிட்டு மறுபடி பாஸ்வேர்டு கொடுத்தாயிற்று. அக்காவின் பையன் வீடியோ பார்த்து ரவுட்டரில் டிஎன்எஸ்-ஐ, அதாவது சைட் பெயரை முகவரி எண்ணாக மாற்றித் தரும் சேவையை, கூகுளின் 8.8.8.8 என்று மாற்றியிருந்தான். பிறகு லேப்டாப் ஒரு சர்வீஸ் கடைக்குப் போனது; அங்கே வைஃபை டிரைவரை அழித்து மறுபடி ஏற்றி, "நெட்வொர்க் ரீசெட்" கொடுத்து, அவர்கள் கடை வைஃபையில் எல்லா சைட்டும் திறப்பதைக் காட்டி, காசும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து திறந்தால் மறுபடி அதே வட்டம். அக்கா திரும்ப போன் செய்ததற்கு "வைஃபை கார்டு வீக்கா இருக்கும், மாத்திடலாம்" என்று பதில்.

இப்போது கையில் இருப்பது இரண்டு சாட்சிகள். ஒன்று, லேப்டாப் வெளியே வேலை செய்கிறது, ஆகவே லேப்டாப்பில் கோளாறு இல்லை. இரண்டு, வீட்டு வைஃபையில் போன்கள் வேலை செய்கின்றன, ஆகவே லைனில் கோளாறு இல்லை. இரண்டும் சேர்ந்தால் யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது. நெட் லைன் கொடுக்கும் கேபிள்காரர் லேப்டாப்பைக் கைகாட்டுவார், சர்வீஸ் கடைக்காரர் வீட்டைக் கைகாட்டுவார், நடுவில் இருப்பவர் இரண்டு பக்கமும் அலைய வேண்டியதுதான். இந்த மாதிரிக் கேஸில் எதையும் மாற்றுவதற்கு முன்னால் சாட்சிகளையே குறுக்கு விசாரணை செய்ய வேண்டும் என்பது என் கட்சி. "போன்ல ஓடுது" என்றால் போனில் எது ஓடுகிறது? "கடையில ஓடிச்சு" என்றால் அந்தக் கடை எந்த லைனில் இருக்கிறது?

அதற்கு முன் வழக்கமான சந்தேகங்களை வேகமாகக் கழித்துவிட்டேன்.

வைஃபை சிக்னல்: ரவுட்டர் இருக்கும் அதே அறையில்தான் லேப்டாப். அந்தத் தெருவில் வீடுகள் ஒட்டி ஒட்டி இருப்பதால் 2.4 கிகாஹெர்ட்ஸில் அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் வரிசைகட்டி நிற்கும், அது உண்மை, ஆனால் இவர்கள் 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தார்கள். எதற்கு ஆராய்ச்சி என்று பையில் இருந்த லேன் கேபிளை எடுத்து ரவுட்டரிலிருந்து நேராக லேப்டாப்பில் செருகி, வைஃபையை அணைத்தேன். அப்போதும் பிரவுசர் திறக்கவில்லை. இந்த ஒரு சோதனை வைஃபை கார்டு, டிரைவர், சிக்னல், சேனல் எல்லாவற்றையும் ஒரே வீச்சில் வெளியே தள்ளிவிடுகிறது. கார்டு மாற்றச் சொன்னவர் இதைச் செய்திருந்தால் அந்தப் பேச்சே வந்திருக்காது.

கடிகாரம்: தேதி தவறாக இருந்தால் சைட்டுகளின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் எல்லாம் செல்லாததுபோலத் தெரிந்து பிரவுசர் எதையும் திறக்காது. மதர்போர்டு பேட்டரி தீர்ந்துபோன பழைய லேப்டாப்களில் இது அடிக்கடி நடக்கும். ஆனால் அப்போது வட்டம் சுற்றாது, "உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்று உடனே சிவப்பாக எச்சரிக்கும். இங்கே தேதி சரி.

ப்ராக்ஸி, அதாவது பிரவுசருக்கும் நெட்டுக்கும் நடுவில் நிற்கும் இடைத்தரகு சர்வர்: இலவச விபிஎன் எதையாவது போட்டுவிட்டு அழித்தவர்களுக்கு வரும் வியாதி. அந்த மென்பொருள் போய்விடும், அது எழுதிவைத்த ப்ராக்ஸி முகவரி மட்டும் விண்டோஸில் தங்கிவிடும், பிரவுசர் இல்லாத வாசலைத் தட்டிக்கொண்டே இருக்கும். அப்படியிருந்தால் குரோம் "ப்ராக்ஸி கனெக்ஷன் ஃபெயில்டு" என்று பெயர் சொல்லியே காட்டிக்கொடுக்கும், செட்டிங்ஸில் ப்ராக்ஸி பக்கத்துக்குப் போய் அணைத்தால் முடிந்தது. இங்கே அது அணைந்துதான் இருந்தது.

டிஎன்எஸ்: கமாண்ட் பிராம்ப்டில் என்எஸ்லுக்கப் போட்டால் எல்லாப் பெயருக்கும் முகவரி வந்தது. 8.8.8.8-க்கு பிங் போட்டால், அதாவது சின்னத் தகவல் ஒன்றை அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்த்தால், நாலுக்கு நாலு பதில் வந்தது.

இங்கேதான் பலர் நின்றுவிடுகிறார்கள். பிங் வருகிறது, டிஎன்எஸ் வருகிறது, விண்டோஸும் இன்டர்நெட் இருக்கிறது என்கிறது, அப்படியானால் பிரவுசரில்தான் கோளாறு என்று குரோமை அழித்து மறுபடி போடுகிறார்கள். விண்டோஸ் "இன்டர்நெட் இருக்கிறது" என்று எப்படிச் சொல்கிறது தெரியுமா? மைக்ரோசாஃப்ட்டின் ஒரு சர்வரிலிருந்து, பூட்டு இல்லாத சாதா எச்டிடிபியில், ஒரு குட்டி டெக்ஸ்ட் ஃபைலை இறக்கிப் பார்க்கிறது. அதற்குள் இருப்பது "மைக்ரோசாஃப்ட் கனெக்ட் டெஸ்ட்" என்ற வாசகம் மட்டும், ஆங்கிலத்தில் மொத்தம் 22 எழுத்து. அது வந்தால் போதும், கனெக்டெட் என்று காட்டிவிடும். பிங்கும் அப்படித்தான், விண்டோஸில் நாம் சும்மா பிங் என்று அடித்தால் அது அனுப்புவது 32 பைட். டிஎன்எஸ் கேள்வி பதிலும் சின்னதுதான். நெட்டில் தகவல் பாக்கெட் என்ற துண்டுகளாகத்தான் போகும்; ஆக இதுவரை ஓகே ஆன சோதனைகள் எல்லாமே சின்னச் சின்ன பாக்கெட்டுகள். பெரிய பாக்கெட் எதையும் யாரும் அனுப்பிப் பார்க்கவே இல்லை.

துப்பு கிடைத்தது ஃபயர்ஃபாக்ஸில். அக்காவின் லேப்டாப்பில் அது ஒரு மூலையில் தூங்கிக்கொண்டிருந்தது, அதைத் திறந்து ஜிஎஸ்டி தளத்தைப் போட்டேன். ஃபயர்ஃபாக்ஸுக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு: பக்கம் திறக்கும்போது இடதுபக்கம் கீழே சின்ன எழுத்தில் இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே வரும். முதலில் "லுக்கிங் அப்", உடனே மறைந்தது. அடுத்து "கனெக்டிங்", அதுவும் கண்சிமிட்டும் நேரத்தில் போனது. அப்புறம் "பெர்ஃபார்மிங் எ டிஎல்எஸ் ஹேண்ட்ஷேக்" என்று வந்தது, வந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டது. அக்கா டீ போட்டு எடுத்து வரும் வரைக்கும் அந்த வரி நகரவில்லை.

இதன் அர்த்தம் என்ன? பெயர் கிடைத்துவிட்டது, சர்வரைப் போய்த் தொட்டாயிற்று, அது கதவையும் திறந்துவிட்டது. பாதுகாப்பு இணைப்புக்காக இரண்டு பக்கமும் பேசிக்கொள்ளும் கட்டத்தில் ஏதோ விழுகிறது. அந்தக் கட்டத்தில் சர்வர் தன் சான்றிதழ்களை அனுப்பும். அது சில ஆயிரம் பைட் இருக்கும், ஒரே பாக்கெட்டில் அடங்காது, அதனால் முதன்முதலாக முழு அளவுப் பாக்கெட்டுகள் லைனில் வருவது அப்போதுதான். இப்போதைய பிரவுசர்களில் இன்னொரு கூத்தும் சேர்ந்திருக்கிறது: எதிர்காலக் குவாண்டம் கணினிகளைத் தாங்கும் சாவி ஒன்றை முதல் வணக்கத்திலேயே சேர்த்து அனுப்புகின்றன. டெஸ்க்டாப் குரோமில் 2024-இல் வந்த 124ஆம் பதிப்பிலிருந்து இது இயல்பாகவே உண்டு. அந்தச் சாவி மட்டுமே 1184 பைட். முன்பெல்லாம் வணக்கம் போய்ச் சேர்ந்து பதில்தான் மாட்டும், இப்போது வணக்கமே மாட்டக்கூடும்.

சாதா எச்டிடிபியில் இருக்கும் ஒரு சின்னப் பக்கத்தைத் தேடித் திறந்தேன். பட்டென்று வந்தது. சரி, பாதி புரிந்துவிட்டது.

அடுத்து பிங்கையே அளவுகோலாக வைத்து அளப்பது. இந்தச் சோதனையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், யாருடைய வீட்டிலும் செய்யலாம், எதையும் மாற்றாது, எதையும் அழிக்காது. விண்டோஸ் பிங் கட்டளையில் எஃப் என்ற சுவிட்ச் போட்டால் "இந்தப் பாக்கெட்டை வழியில் யாரும் துண்டு போடாதே" என்று அர்த்தம். எல் என்ற சுவிட்ச் போட்டு எண் கொடுத்தால் அத்தனை பைட் சுமையோடு அனுப்பும். அந்தச் சுமையோடு தலைப்புப் பகுதிகளாக இன்னொரு 28 பைட் சேரும். ஆக 1472 கொடுத்தால் லைனில் போவது 1500, கேபிள் நெட்வொர்க்கான ஈதர்நெட்டின் வழக்கமான உச்சவரம்பு. நான் 1.1.1.1 என்ற பொது சர்வரைக் குறிவைத்து அனுப்பினேன்.

1472 போட்டதும் 192.168.1.1-இலிருந்து, அதாவது வீட்டு ரவுட்டரிடமிருந்தே, பதில் வந்தது: துண்டு போட வேண்டும், நீ போடாதே என்கிறாய், அனுப்ப முடியாது என்று. இது நியாயமான பதில்தான். இந்த வீட்டு லைன் பிபிபிஓஇ முறையில், அதாவது ரவுட்டர் யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே போகும் முறையில், டயல் ஆகிறது, அதற்கு ஒவ்வொரு பாக்கெட்டிலும் 8 பைட் தலைப்பு வேண்டும், 1500-இல் 8 போனால் 1492. இந்த முறை 1999-இலிருந்தே இப்படித்தான். அதனால் 1492-க்கு மேல் வந்தால் ரவுட்டர் மறுக்க வேண்டும், மறுத்தது.

1464 போட்டேன். 1464-உம் 28-உம் சேர்ந்தால் 1492, ரவுட்டரின் கணக்குப்படி சரியாகக் கொள்ளும் அளவு. ரவுட்டர் எதுவும் சொல்லவில்லை. அடுத்த முனையும் எதுவும் சொல்லவில்லை. "ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்." மறுபடியும் "ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்." மறுப்பும் இல்லை, பதிலும் இல்லை.

எண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டே வந்தேன். 1461-இல் மௌனம். 1460-இல் பதில். மறுபடி 1461, மௌனம். 1460, பதில். திரையில் அந்த ஒரு பைட் வித்தியாசத்தை அக்காவுக்குக் காட்டினேன். "ஒண்ணு கொறைச்சா போவுது, ஒண்ணு ஏத்துனா நிக்குது, இன்னாபா இது" என்று அவரே கீபோர்டை வாங்கி அடித்துப் பார்த்தார்.

ஆக உண்மையான உச்சவரம்பு 1488. ரவுட்டர் நினைத்துக்கொண்டிருப்பது 1492. இடையில் 4 பைட். மறுப்புச் செய்தி வந்தால் லேப்டாப் தானே பாக்கெட்டைச் சின்னதாக்கிக்கொள்ளும், அதற்கான ஏற்பாடு 1990-இலிருந்தே இருக்கிறது. செய்தி எதுவும் வராமல் பாக்கெட் காணாமல் போனால்தான் சிக்கல். அனுப்பியவர் அதே பெரிய பாக்கெட்டையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருப்பார். நெட்வொர்க் ஆட்கள் இதை "பிளாக் ஹோல்" என்பார்கள். ரயில் பாலத்துக்கு அடியில் உயரத்துக்குக் கம்பி கட்டியிருப்பார்களே, பைக்கும் ஆட்டோவும் அதன் இருப்பே தெரியாமல் போய்க்கொண்டிருக்கும், லோடு ஏற்றிய லாரிக்குத்தான் தெரியும், அதே கணக்கு.

போன்கள் எப்படி ஓடின?

இதுதான் இந்தக் கேஸில் எனக்குப் பிடித்த பகுதி. பையனின் போனை வாங்கி மொபைல் டேட்டாவை அணைத்தேன். இதை அணைக்காமல் செய்யும் எந்த வைஃபை சோதனைக்கும் மதிப்பில்லை, பல போன்கள் வைஃபை மோசமாக இருந்தால் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும், நாம் வைஃபை என்று நினைத்துக்கொண்டு இருப்போம். அணைத்தபிறகு யூடியூப் ஓடியது. வாட்ஸ்அப்பில் செய்தி போனது, பேசவும் முடிந்தது. அப்புறம் அதே போனின் பிரவுசரில் ஜிஎஸ்டி தளத்தைத் திறக்கச் சொன்னேன். சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

போன்களில் "எல்லாம்" ஓடவில்லை, ஓடக்கூடியவை மட்டும்தான் ஓடியிருக்கின்றன. அந்த வீட்டில் யாரும் போனில் ஜிஎஸ்டி தளத்தையோ பேங்க் தளத்தையோ திறப்பதில்லை.

யூடியூப் ஏன் தப்பித்தது என்றால், கூகுளின் சேவைகள் பெரும்பாலும் க்விக் என்ற நெறிமுறையில் வருகின்றன. 2021-இல் முறைப்படி தரமாக்கப்பட்டது. வலைத்தளங்கள் வழக்கமாக வரும் பழைய டிசிபி முறைக்குப் பதிலாக யுடிபி என்ற இன்னொரு முறையின் மேல் ஓடுவது. எந்த லைனும் 1200 பைட் பாக்கெட்டைத் தாங்கும் என்ற கணக்கில் தொடங்கி, பெரிய பாக்கெட் போகுமா என்று சோதித்துப் பார்த்த பிறகுதான் அளவை ஏற்றும். அதனால் 1488 என்ன, 1400 என்று தடுத்தாலும் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். வாட்ஸ்அப் செய்தி தானாகவே குட்டி. குரல் அழைப்பும் சின்னப் பாக்கெட்டுகளாகத்தான் போகும்.

அப்படியானால் லேப்டாப்பிலும் யூடியூப் மட்டுமாவது வந்திருக்க வேண்டுமே? வரவில்லை. காரணம் அதிலிருந்த ஆன்டிவைரஸ். சில ஆன்டிவைரஸ்கள் வலைப் போக்குவரத்தைப் பிரித்துப் பார்க்கும் வசதிக்காக க்விக்கைத் தடுத்து, பிரவுசரைப் பழைய டிசிபி வழிக்கே திருப்பிவிடும். இதிலும் அப்படி ஒரு டிக் இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் எடுத்துவிட்டுப் பார்த்தபோது யூடியூப் திறந்துவிட்டது, ஜிஎஸ்டி தளம் அப்படியே நின்றது. யாராவது இந்த இடத்தில் நிறுத்தி "ஆன்டிவைரஸ்தான் காரணம், தூக்கிட்டேன்" என்று சொல்லியிருந்தால் நம்புவதற்கு ஆள் இருந்திருக்கும். டிக்கைத் திரும்பப் போட்டுவிட்டேன். அது தன் வேலையைத்தான் செய்தது.

ஆக லேப்டாப் மட்டும் கெட்டதுபோலத் தெரிந்ததற்குக் காரணம், அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் டிசிபி வழியை மட்டுமே நம்பியிருந்த ஒரே பெட்டி அது. சர்வீஸ் கடையில் ஓடியதற்குக் காரணம், அந்தக் கடை வேறு கம்பெனி லைனில் இருந்தது. இரண்டு சாட்சிகளும் பொய் சொல்லவில்லை.

சந்தேகம் உறுதியானால் போதாது, நிரூபிக்க வேண்டும். கேபிளைக் கழற்றிவிட்டு வைஃபைக்கே திரும்பி, அட்மின் அனுமதியோடு கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, நெட்ஷ் கட்டளையால் லேப்டாப்பின் வைஃபை எம்டியுவை, அதாவது அது அனுப்பக்கூடிய பாக்கெட்டின் உச்ச அளவை, 1500-இலிருந்து 1480 ஆக்கினேன். நிரந்தரமாக எழுதாமல், மறுபடி பூட் செய்தால் போய்விடும்படி தற்காலிகமாக. இப்படிச் செய்தால் லேப்டாப் எந்த சர்வரிடம் பேச ஆரம்பித்தாலும் "எனக்கு ஒரு தடவைக்கு 1440 பைட்டுக்கு மேல் அனுப்பாதே" என்று முதலிலேயே சொல்லிவிடும் (1480-இல் தலைப்புகளுக்கு 40 கழித்தால் 1440). வருகிற பாக்கெட்டும் தானாகச் சின்னதாகிவிடும்.

ஃபயர்ஃபாக்ஸில் ரீலோட் கொடுத்தேன், ஜிஎஸ்டி தளம் திறந்தது. குரோமில் திறந்தது. எட்ஜில் திறந்தது. அக்கா என்னை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டு உட்கார்ந்துகொண்டார், ஓடிபி வந்துகொண்டே இருந்தது, ஒவ்வொரு கடையாக 3பி போட ஆரம்பித்துவிட்டார். மற்ற விளக்கம் எதையும் அப்போது அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை, நியாயம்தான்.

ஆனால் லேப்டாப்பில் எம்டியு குறைத்துவிட்டுப் போவது அரைகுறை வேலை. வீட்டுக்கு நாளைக்கு இன்னொரு லேப்டாப் வந்தாலும் இதே கதை. செய்ய வேண்டிய இடம் ரவுட்டர். அதில் வேன் (WAN, வெளி லைன்) பகுதியில் பிபிபிஓஇ பக்கத்தில் எம்டியு என்ற கட்டத்தில் 1492 என்று இருந்தது, 1480 ஆக்கினேன். சரியாக 1488 வைக்கலாம், ஆனால் ஒட்டிவைப்பதைவிட கொஞ்சம் இடம் விட்டு வைப்பது நல்லது. பெரும்பாலான ரவுட்டர்கள் இந்த எண்ணைப் பார்த்து, தன் வழியாகப் போகும் ஒவ்வொரு டிசிபி இணைப்பிலும் உச்ச அளவைத் தானே திருத்திவிடும். லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்து பழைய 1500-க்கு வரவிட்டு மறுபடி பார்த்தேன், எல்லாம் திறந்தன. பையன் போனிலும் திறந்தது. அவன் வைத்த 8.8.8.8-ஐ எடுத்துவிட்டு டிஎன்எஸ்-ஐத் தானியங்கிக்கு மாற்றினேன், அது கெடுதல் செய்யவில்லை, ஆனால் காரணம் இல்லாமல் வைத்த எதுவும் அடுத்த கேஸில் வந்து குழப்பும்.

இதில் ஒரு சின்ன விஷயம் கவனிக்கத்தக்கது. டிபி-லிங்க் ரவுட்டர்கள் பலவற்றில் பிபிபிஓஇ எம்டியு ஆரம்பத்திலேயே 1480 என்றுதான் இருக்கும், வேறு பலவற்றில் 1492. ஒரே தெருவில், ஒரே லைனில், ஒரு வீட்டில் ஓடி அடுத்த வீட்டில் ஓடாமல் போவதற்கு இது மட்டுமே போதும்.

நாலு பைட்டை யார் எடுத்தது?

கேபிள்காரருக்கு போன் போட்டபோது அவர் முதலில் கேட்டது ரவுட்டரில் இன்டர்நெட் லைட் பச்சையா என்று. பச்சை. "அப்பறம் இன்னா சார், மத்த வூட்ல எல்லாம் நல்லாத்தான் ஓடுது, ஒரு கம்ப்ளைன்ட் இல்ல, நீங்க லேப்டாப்ப பாருங்க" என்றார். 1460-க்குப் பதில் வருகிறது 1461-க்கு வரவில்லை என்று சொன்னதும் கொஞ்சம் நிதானித்து லைன்மேனை அனுப்புகிறேன் என்றார். போனில் "நெட் ஸ்லோ" என்று சொன்னால் நம்மைத் தட்டிக்கழிப்பது சுலபம். எண் சொன்னால் அந்த எண்ணைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

எப்போதிலிருந்து என்று அக்காவிடம் முறையாகக் கேட்டதற்குக் கிடைத்த விடையும் அப்போது பொருந்திப்போனது. விண்டோஸ் அப்டேட் வந்த வாரத்திலிருந்து என்றுதான் முதலில் சொன்னார், சர்வீஸ் கடைக்காரர் டிரைவரைப் பிடித்துத் தொங்கியதும் அதனால்தான். ஆனால் அதே வாரத்தில் ஒரு ராத்திரி பெருமழையில் தெரு முழுக்க நெட் போய், மறுநாள் மதியம் திரும்ப வந்திருக்கிறது. "அதான் வந்துடுச்சே" என்று அதை அவர் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. திரும்ப வந்த நெட்டும் பழைய நெட்டும் ஒன்றில்லை என்பது யாருக்குத் தோன்றும்?

லைன்மேன் தம்பி நல்ல விவரமானவர். மழைத் தண்ணீர் இறங்கித் தெருமுனைப் பெட்டியில் இருந்த, பல வீட்டு லைன்களை ஒன்றுசேர்க்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் போய்விட்டது, அவசரத்துக்கு ஆபீசில் கிடந்த பழைய ஸ்விட்ச் ஒன்றை மாட்டினோம் என்றார். அக்கம்பக்கத்து மாடிகளின் லைன்கள் எல்லாம் அதில்தான் வந்து சேர்கின்றன. அங்கிருந்து ஆபீஸ் வரைக்கும் ஒவ்வொரு பாக்கெட்டிலும், அது எங்கிருந்து வந்தது என்று பிரித்தறிய, விஎல்ஏஎன் முத்திரை இரண்டு ஒட்டுகிறார்களாம், கட்டடத்துக்கு ஒன்று, ஏரியாவுக்கு ஒன்று. ஒவ்வொரு முத்திரையும் 4 பைட்.

கணக்குப் போட்டோம். 1492 பைட் பாக்கெட், பிபிபிஓஇக்கு 8, ஆக 1500. ஈதர்நெட் தலைப்பும் கடைசிச் சரிபார்ப்பும் சேர்த்து 18, ஆக 1518. ஒரு முத்திரை ஒட்டினால் 1522, பழைய ஸ்விட்சுகள் பல அத்தோடு நிறுத்திக்கொள்ளும். இரண்டாவது முத்திரை ஒட்டினால் 1526. அந்தப் பழைய ஸ்விட்சுக்கு அது அளவு மீறிய சரக்கு, கீழே போட்டுவிடும். ரவுட்டராக இருந்தால் மறுப்புச் செய்தி அனுப்பும். சாதா ஸ்விட்சுக்கு அந்தப் பழக்கமே கிடையாது, ஐபி முகவரிகளை அது பார்ப்பதும் இல்லை, யாருக்கென்று செய்தி அனுப்பும்? பாக்கெட் போய்விடும், அவ்வளவுதான். 1526-இலிருந்து 1522-க்கு 4 குறைய வேண்டும், 1492-இலிருந்து 4 குறைந்தால் 1488, என் பிங் சொன்ன அதே எண்.

"மத்த வூட்ல கம்ப்ளைன்ட் இல்ல" என்பதையும் அன்றே பார்த்துவிட்டோம். பக்கத்து மாடியில் ஒரு கல்லூரிப் பையன், அந்த மழைக்குப் பிறகு தன் லேப்டாப்பில் பாதி சைட் திறக்கவில்லை என்று போன் ஹாட்ஸ்பாட்டிலேயே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தான். லேப்டாப் பழசாகிவிட்டது என்று நினைத்தானாம். கீழ்வீட்டில் டிவியில் யூடியூப் மட்டும்தான், அவர்களுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. புகார் வராததற்கு லைன் நன்றாக இருப்பதுதான் காரணம் என்று கேபிள்காரர் முடிவுகட்டிவிட்டார்.

உங்கள் வீட்டில் இதே அறிகுறி இருந்தால், இதே காரணம்தான் என்று உடனே ரவுட்டரில் கைவைக்க வேண்டாம். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, திறக்காத அதே சைட்டைப் போனில் திறந்து பாருங்கள். லேன் கேபிள் போட்டுப் பாருங்கள். பிங்கில் 1464 போகிறதா, 1400 போகிறதா என்று பாருங்கள். 1464-க்குப் பதில் ஒழுங்காக வந்தால் இந்தக் கட்டுரையை விட்டுவிட்டு ப்ராக்ஸி, தேதி, ஆன்டிவைரஸ் பக்கம் போங்கள். சின்ன பிங்குக்கே பதில் வரவில்லை என்றால் அதுவும் வேறு கதை. ஹோட்டல், ரயில் நிலையம், ஆஸ்பத்திரி மாதிரி இடத்து வைஃபை என்றால் முதலில் லாகின் பக்கம் ஒன்று எங்கேயாவது ஒளிந்துகொண்டிருக்கும், எச்டிடிபிஎஸ் இல்லாத ஏதாவது ஒரு சைட்டைத் திறந்தால் அது எட்டிப்பார்க்கும். சின்னது போய்ப் பெரியது போகாமல், நடுவில் மறுப்பும் வராமல் இருந்தால்தான் எம்டியு.

தெருமுனைப் பெட்டியில் பிறகு புது ஸ்விட்ச் மாட்டிவிட்டார்கள், 1464-க்கும் இப்போது பதில் வருகிறது. ஆனாலும் அக்கா வீட்டு ரவுட்டரில் 1480-ஐ அப்படியே விட்டுவைத்திருக்கிறேன். 12 பைட் குறைவதில் வேகம் நூற்றுக்கு ஒன்றுகூடக் குறையாது, அடுத்த பெருமழைக்குப் பிறகு ஆபீஸ் அலமாரியிலிருந்து எந்த ஸ்விட்சைத் தூக்கிக்கொண்டு வருவார்களோ தெரியாது.